மாரடைப்புக்குப் பின் உடற்பயிற்சி: வீட்டிலா, பயிற்சிக்கூடத்திலா?

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியோர் முதல் மறுபரிசோதனைக்கு வரும்போது தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு. "வீட்டிலேயே நடந்தால் போதுமா டாக்டர், அல்லது ஜிம்மில் சேர வேண்டுமா?" என்பதே அது. இவ்வினாவிற்குப் பின்னால் பெரும்பாலும் இருவேறு மனநிலைகள் இருக்கும். அறுபதைக் கடந்த தாயாரைப் பிள்ளைகள் மாடிப்படி ஏறவும் விடாமல் கட்டிலிலேயே அமர்த்தி வைப்பர். நாற்பது வயதில் ஸ்டென்ட் பொருத்தப்பட்ட ஒருவரோ, அடுத்த மாதமே பழையபடி பளு தூக்கத் துடிப்பார். முன்னது அச்சம், பின்னது அவசரம். இரண்டுமே இதயத்திற்கு நன்மை பயப்பன அல்ல.

எங்கே பயிற்சி செய்வது என்பதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி வேறொன்று: உங்கள் இதயம் இப்போது எந்நிலையில் உள்ளது? அதற்கு விடை தெரிந்துவிட்டால், இடத்தைத் தேர்ந்தெடுப்பது கடினமன்று. அவ்வாறு தேர்ந்தெடுக்க உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓய்வு மட்டும் போதாது

மாரடைப்பு வந்தவர் வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழக்கூடாது என்பதே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவ உலகம் கொண்டிருந்த கருத்து. 1952இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும், நோயாளிகளைத் தொடக்க நாள்களிலேயே நாற்காலியில் அமர்த்தலாம் என்று எழுதினர். அக்காலத்தில் அதுவே துணிச்சலான கருத்தாகக் கருதப்பட்டது. 1953இல் ஜெரமி மோரிஸ் என்னும் ஆய்வாளர் இலண்டன் மாநகரின் இரட்டை அடுக்குப் பேருந்துப் பணியாளர்களைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். நாள் முழுவதும் அமர்ந்தே பணியாற்றிய ஓட்டுநர்களைவிட, படிகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டு வழங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக ஏற்பட்டதை அவர் கண்டறிந்தார்.

இன்று ஐயத்திற்கு இடமில்லை. மாரடைப்புக்குப் பின் முறையான உடற்பயிற்சியுடன் கூடிய மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்வோருக்கு இதய நோயால் ஏற்படும் இறப்பும், மீண்டும் மருத்துவமனையில் சேர வேண்டிய தேவையும் குறைகின்றன. காரணம் எளிது. பயிற்சி பெற்ற தசைகள் இரத்தத்திலுள்ள ஆக்சிஜனைத் திறம்பட எடுத்துக்கொள்கின்றன. எனவே அதே வேலைக்கு இதயம் முன்பைவிடக் குறைவாகவே உழைக்க நேர்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வருகின்றன, மனச்சோர்வும் குறைகிறது.

ஆனால், உடற்பயிற்சி மருந்துகளுக்கு மாற்றன்று. ஸ்டென்ட் பொருத்தப்பட்ட ஒருவர், "நன்றாக நடக்கிறேனே" என்று இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளைத் தாமே நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

இடங்கள் இரண்டல்ல, மூன்று

வீடா, ஜிம்மா என்று கேட்கும்போது மூன்றாவது இடமொன்று விடுபட்டுப் போகிறது. அது மருத்துவமனையின் இதய மறுவாழ்வுப் பிரிவு. அங்கே இயன்முறை மருத்துவர் உடனிருப்பார். பயிற்சியின்போதே இரத்த அழுத்தமும் தேவைப்பட்டால் இ.சி.ஜி.யும் கண்காணிக்கப்படும், அவசரச் சிகிச்சைக்கு மருத்துவரும் கருவிகளும் அருகிலேயே இருப்பர்.

வணிக முறையில் நடத்தப்படும் ஜிம்மை இதற்கு ஈடாகக் கருதுதல் கூடாது. அங்குள்ள பயிற்சியாளர் தம் தொழிலில் தேர்ந்தவராக இருக்கலாம். ஆயினும் உங்கள் எக்கோ அறிக்கையை அவர் பார்த்ததில்லை. பக்கத்தில் ஆள் இருப்பது வேறு. உங்கள் இதயத்தின் நிலையை அறிந்த ஒருவர் மேற்பார்வையிடுவது வேறு.

வீட்டுப் பயிற்சியைக் குறைவாக எண்ணவும் தேவையில்லை. ஆபத்து குறைவாகவோ நடுத்தரமாகவோ உள்ள நோயாளிகளுக்கு வீட்டுப் பயிற்சியும் மையத்தில் செய்யும் பயிற்சியும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தருகின்றன என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வுகள் காட்டியுள்ளன. ஒன்றை மட்டும் கருத்தில் கொள்ள வேண்டும். அந்த ஆய்வுகளில் வீட்டுப் பயிற்சி என்பது தோன்றியபடி நடப்பதன்று. எழுதித் தரப்பட்ட திட்டம், அன்றாடக் குறிப்பேடு, தொலைபேசி வழியாகவோ நேரிலோ மருத்துவக் குழுவினரின் தொடர் விசாரிப்பு ஆகியவை சேர்ந்ததே அது.

யாருக்கு எந்த இடம்?

மருத்துவமனையில் தொடங்க வேண்டியவர்கள்: எக்கோ பரிசோதனையில் இதயம் இரத்தத்தை வெளியேற்றும் திறன் 40 விழுக்காட்டிற்கும் கீழே உள்ளவர்கள், சிறிது நடந்தாலே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ ஏற்படுபவர்கள், ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு இருந்தவர்கள், அதற்காகக் கருவி பொருத்தப்பட்டவர்கள், டிரெட்மில் சோதனையில் மாறுதல் தென்பட்டவர்கள், இன்னும் சரிசெய்யப்படாத முக்கிய அடைப்பு உள்ளவர்கள். இவர்கள் சில வாரங்களேனும் கண்காணிப்பில் பயின்ற பிறகே வீட்டிற்கு மாற வேண்டும். வால்வு கடுமையாகச் சுருங்கியிருந்தால், மருத்துவரின் தெளிவான அனுமதியின்றி எங்கும் பயிற்சியைத் தொடங்கலாகாது.

வீட்டிலேயே தொடங்கத் தக்கவர்கள்: அடைப்பு முழுமையாகச் சரிசெய்யப்பட்டு, இதயத்தின் திறன் நன்றாக இருந்து, நடக்கும்போது எவ்வித அறிகுறியும் இல்லாதவர்கள். நம் நோயாளிகளில் கணிசமானோர் இவ்வகையினரே.

ஜிம்முக்குச் செல்லத் தக்கவர்கள்: மேற்சொன்ன நிலையில் இருந்து, சில வாரங்கள் நடைப்பயிற்சியை இடரின்றி நிறைவு செய்து, மருத்துவரின் ஒப்புதலைப் பெற்றவர்கள். அங்குள்ள கருவிகளும் உடன் பயில்வோரின் துணையும் சிலருக்குப் பெரிய ஊக்கமாக அமைகின்றன.

எவ்வளவு செய்ய வேண்டும்?

தொடக்கத்தில் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் வரை, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை சமதளத்தில் நடப்பது போதும். நேரத்தை முதலில் கூட்டுங்கள். வேகத்தைப் பின்னர் கூட்டலாம். வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்றும், தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியை வாரத்தில் இரு நாள்களேனும் மேற்கொள்ள வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. நாளொன்றுக்கு 30 நிமிடங்கள் வீதம் வாரத்தில் ஐந்து நாள்கள் என்பது எட்டக்கூடிய இலக்கே.

மிதமான பயிற்சி எது என்பதை அறிய எளிய வழி உண்டு. நடக்கும்போது உடன் வருபவரோடு தொடர்ந்து பேச முடிய வேண்டும். பாட முயன்றால் மூச்சு வாங்க வேண்டும். பேசவே இயலாவிட்டால் வேகம் மிகுதி. டிரெட்மில் இயந்திரங்களில் வயதிற்கேற்ற நாடித்துடிப்பைக் காட்டும் அட்டவணையை நம்ப வேண்டாம். உங்களில் பலர் மெட்டோபுரோலால், பிசோபுரோலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்கிறீர்கள். அவை நாடித்துடிப்பைக் குறைத்து வைப்பதால், அட்டவணை கூறும் எண்ணை எட்ட முயல்வது இதயத்தை வருத்துவதாகும்.

பயிற்சியின் முதல் ஐந்து முதல் பத்து நிமிடங்களை மெதுவான நடைக்கும், இறுதி ஐந்து முதல் பத்து நிமிடங்களை வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பதற்கும் ஒதுக்குங்கள். விரைவாக நடந்தவர் சட்டென நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி, அழுத்தம் குறைந்து, தலைசுற்றல் ஏற்படலாம். உணவு உண்டவுடன் பயிற்சி வேண்டாம். கோடைக்காலத்தில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகள், குறிப்பாக இன்சுலின் போட்டுக்கொள்வோர், பயிற்சிக்கு முன் சர்க்கரையின் அளவைப் பார்த்துக்கொள்வது நன்று. சர்க்கரை தாழ்ந்துவிட்டால் உட்கொள்வதற்குக் குளுக்கோஸோ மிட்டாயோ கையில் இருக்கட்டும். பயிற்சி முடிந்ததும் பாதங்களில் கொப்புளமோ புண்ணோ உள்ளதா என்று பாருங்கள்.

வீட்டில் செய்வோர் கவனத்திற்கு

வீட்டுப் பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது, சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை எடைக்கட்டியாகக் கொண்டு கைகளை மடக்கி நீட்டுவது ஆகியவை தசைகளுக்குப் போதிய பயிற்சியாகும். பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் கைகளுக்கான இப்பயிற்சிகளை மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். நடக்க மொட்டைமாடியோ தெருவோ போதும். மேடுபள்ளமும் ஈரமும் இல்லாதிருத்தல் வேண்டும்.

யோகாசனத்தை விரும்புவோரும் மருத்துவரின் ஆலோசனையுடன் அதை மேற்கொள்ளலாம். இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வொன்றில், யோகாவை அடிப்படையாகக் கொண்ட மறுவாழ்வுப் பயிற்சி பெற்றோர் தம் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தனர். முன்பு செய்த வேலைகளுக்கும் மற்றவர்களைவிட நன்றாகத் திரும்பினர்.

பெண்களிடம் ஒரு சொல். "நாள் முழுவதும் வீட்டு வேலைதானே செய்கிறேன், இதற்கு மேல் எதற்குப் பயிற்சி?" என்று பலர் கேட்கின்றனர். வீட்டு வேலையும் உடலுக்கு நல்லதே. ஆனால் அது விட்டுவிட்டு நடப்பது. நின்றபடியே களைப்பைத் தருவது. மூச்சும் துடிப்பும் சீராக உயர்ந்து நிலைக்கும் அளவிற்குப் பெரும்பாலும் தொடர்வதில்லை. உங்களுக்கென அரை மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்வது தன்னலமன்று. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

ஜிம்முக்குச் செல்வோர் கவனத்திற்கு

உங்களுக்கு மாரடைப்பு வந்ததையும் நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளையும் பயிற்சியாளரிடம் மறைக்காதீர்கள். நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவியில் பயிற்சி பெற்றவர் அங்கு உள்ளாரா, நின்ற இதயத்தை மின்னதிர்ச்சியால் இயக்கும் கருவி உள்ளதா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள்.

மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் அந்தக் கையால் கனமான பொருளைத் தூக்கலாகாது. பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு மார்பெலும்பு கூடுவதற்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை பளுதூக்கும் பயிற்சி அறவே கூடாது. பின்னரும், பத்து முதல் பதினைந்து முறை எளிதாகத் தூக்கக்கூடிய எடையையே தேர்ந்தெடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் இரத்த அழுத்தம் திடீரென உயரும். ஆகவே தூக்கும்போது மூச்சை வெளிவிடுங்கள். பயிற்சிக்கு முன் உற்சாகமூட்டுவதாகக் கூறி விற்கப்படும் பொடிகளில் பெரும்பாலும் காஃபீன் மிகுந்திருக்கும். அவற்றையும், தசை வளர்க்கும் ஊசி மருந்துகளையும் தொடவே கூடாது. பக்கத்தில் இருப்பவர் தூக்கும் எடையோடு போட்டி வேண்டாம்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல், தலைசுற்றல், படபடப்பு, குளிர்ந்த வியர்வை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் பயிற்சியை நிறுத்தி உட்காருங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தால், அமர்ந்த நிலையிலேயே அதை வையுங்கள். ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் போன்ற மாத்திரையை அண்மையில் உட்கொண்டவர்கள் அதை வைக்கலாகாது. ஐந்து நிமிடங்களில் வலி தணியாவிட்டால் 108க்கு அழையுங்கள். தாமே வண்டியோட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வர வேண்டாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ள நாள்களில் பயிற்சியைத் தள்ளிவையுங்கள்.

குடும்பத்தாருக்கு

அன்பின் மிகுதியால் நோயாளியை முடக்கி வைக்காதீர்கள். "வேண்டாம், உட்காருங்கள்" என்று சொல்வதைவிட, "வாருங்கள், நானும் வருகிறேன்" என்று சொல்வது உயர்ந்த மருந்து. முதல் சில வாரங்கள் உடன் நடங்கள். எத்தனை நிமிடம் நடந்தார், நடக்கும்போது எப்படி உணர்ந்தார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பரிசோதனையில் அந்த நான்கைந்து பக்கங்கள் எங்களுக்குப் பெரிதும் உதவும்.

இறுதியாக, இதயத்தின் நிலை இடம்கொடுக்கும் எல்லைக்குள், எந்த இடத்தில் நீங்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்வீர்களோ அதுவே உங்களுக்கு ஏற்ற இடம். ஓராண்டுக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு இரண்டாம் மாதமே நின்றுபோகும் ஜிம்மைவிட, நாள்தோறும் நடக்கும் தெரு மேலானது. வீட்டில் இருந்தால் சோம்பல் வந்துவிடும் என்பவருக்கோ ஜிம்தான் மேலானது. அடுத்த முறை வரும்போது வெளியேற்றச் சுருக்கத்தையும் எக்கோ அறிக்கையையும் கொண்டு வாருங்கள். "என் இதயத்தின் திறன் எவ்வளவு? சரிசெய்ய வேண்டிய அடைப்பு இன்னும் உள்ளதா? நான் எங்கே, எந்த அளவில் தொடங்கலாம்?" என்னும் மூன்று வினாக்களையும் தயங்காமல் கேளுங்கள்.