கணினியின்றிப் படப்பாடம் காட்டும் முறை

கற்பிட்டிக் குடாநாட்டின் ஆலங்குடாவில் மணற்றரையிலே வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் கமக்காரர்களுக்குச் சொல்லவேண்டிய பாடம் ஒன்று உண்டு. பாத்தியில் இடும் யூரியாவின் ஒரு பகுதி, நைத்திரேற்றாக மாறி நீரோடு கீழிறங்கிக் குடிநீர்க் கிணற்றைச் சேர்கிறது என்பதே அது. மண்ணுக்குள் நடப்பது கண்ணுக்குப் புலப்படாது. ஆதலால் படம் வேண்டும்.

நுரைச்சோலை அனல்மின் நிலையம் அயலிலேயே நிற்கிறது. ஆயினும் தோட்டத்து நடுவே கணினிக்கு மின்சாரம் ஏது? ஒருமுறை நண்பகலில் ஓலைக் கொட்டிலொன்றில் ஒளியெறி கருவியை வைத்துக் காட்டினேன். வெயில் வெளிச்சத்தில் வெள்ளைத் துணியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. முதியவர் ஒருவர் எழுந்து, தமது கிணற்றையும் பாத்தியையும் குச்சியால் மணலிற் கீறிக் கேள்வி கேட்கலானார். யாவரும் அவரைச் சூழ்ந்து குனிந்தனர். நானும் குனிந்தேன்.

பார்ப்பவர் சொல்லும் விடைக்கேற்ப அடுத்த படம் மாறுவதே கணினிப் பாடத்தின் சிறப்பு. அதைத் துணியிலும் செய்யலாம். 4 அடி நீளமும் 3 அடி அகலமுமுள்ள பலகையிற் கருநிறப் பிளனல் துணியை இழுத்துக் கட்டுக. தடித்த தாளிற் கிணறு, பாத்தி, வேர், மழைமேகம், பசளைப்பை, பால் குடிக்கும் குழந்தை ஆகியவற்றை வரைந்து வெட்டி, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அதே துணியின் துண்டை ஒட்டுக. தச்சர் மரந்தேய்க்கும் தாளும் உதவும். பலகை சற்றுப் பின்சாய்ந்திருத்தல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பலகையின் முதுகைக் காற்றுக்குக் காட்டாவிடில் படங்கள் கடலுக்குப் போகும்!

இனி, வெள்ளைத் தாளால் யூரியாத் துண்டுகள் பத்துச் செய்து ஒரு கமக்காரரிடம் கொடுத்து, "எப்போது, எவ்வளவு இடுவீர்கள்?" என்று கேளுங்கள். அவரே வைக்கட்டும். பத்தையும் ஒரே தடவையில் வைத்தாராயின் மேகப் படத்தை மேலே ஒட்டி, துண்டுகள் சிலவற்றை வேருக்குக் கீழே இறக்கிக் கிணற்றிற் சேருங்கள். பகுதி பகுதியாக வைத்தாராயின் பெரும்பகுதி வேரருகே நிற்கும். அடுத்து நீர்ப்பாய்ச்சல் பற்றிய படம். விடைக்கேற்ப எந்தப் படத்துக்குச் செல்லவேண்டும் என்னும் இலக்கத்தைப் படத்தின் பின்புறம் எழுதிவைத்தால் தடுமாற்றமில்லை. பிழையான விடைக்குச் சிரிக்கலாகாது. அதன் விளைவைத் துணியே காட்டும்.

ஐயமுள்ளவர்க்கு ஒரு சோதனை உண்டு. அடி வெட்டிய பிளாஸ்திக்குப் போத்தலைத் தலைகீழாக நிறுத்தி, வாயைத் துணியாற் கட்டி, நன்கு கழுவி உலர்த்திய மணலை நிரப்புக. மேலே ஒரு பிடி உப்பிட்டுக் குடிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றுக. முதலில் ஊற்றும் நீரை மணல் பிடித்துக்கொள்ளும். மேலும் மேலும் ஊற்ற, கீழே சொட்டும் நீர் கரிக்கும். மிகை நீரோடு பசளையும் இவ்வாறே இறங்குகிறது.

நெற்செய்கையாளர்க்கும் இம்முறை புதிதன்று. இந்தோனேசியாவில் 1989 இல் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகளில், உழவர்களே பெரிய தாளின் நடுவே நெற்பயிரையும், ஒருபக்கம் பீடைகளையும், மறுபக்கம் சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்களையும் வரைந்து, மருந்து தெளிப்பதா வேண்டாமா எனத் தம்முள் விவாதித்தனர்.

குழந்தைப் படத்தைக் கடைசியில் ஒட்டி, "இந்நீரைக் கொதிக்கவைத்தாற் போதுமா?" என்று கேட்கவேண்டும். பலர் ஆம் என்பர். நைத்திரேற்று கொதித்தலால் நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவே கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நைத்திரேற்று உள்ள நீரிற் கரைத்த புட்டிப்பால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து உடலை நீலம்பாயச் செய்யக்கூடும். ஆதலால் கைக்குழந்தை உள்ள வீட்டார் கிணற்று நீரைப் பரிசோதிக்கச் செய்து, முடிவு தெரியும்வரை பாலுக்கு வேறு நல்ல நீரைப் பயன்படுத்துவாராக.

படங்களைத் தகரப் பெட்டியில் தட்டையாக அடுக்கிவைக்கவும். உப்புக்காற்றில் தாள் விரைவில் நெளியும்.