சீட் கிடைத்த பிறகுதான் கவனம் தேவை

மே மாதத் தொடக்கத்தில் பிளஸ் டூ முடிவு வந்துவிடுகிறது. அரசு கலைக் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்பு தொடங்க ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகிவிடும். முதல் செமஸ்டர் தேர்வு நவம்பரில் வரும். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், செய்யூர், மாமல்லபுரம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் இந்த ஆறேழு மாதத்துக்குள்தான் கல்லூரியைக் கைநழுவ விடுகிறார்கள். மார்க் குறைந்து இடம் கிடைக்காதவர்களைப் பற்றி ஊரே பேசுகிறது. இடம் கிடைத்தும் போகாமல் நின்றுவிட்டவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செப்டம்பரில் அந்த வீட்டில் விசாரித்தால், "சேர்ந்தான் சார், நின்னுட்டான், இப்ப கம்பெனிக்குப் போறான்" என்று மூன்றே வாக்கியத்தில் கதை முடிந்துவிடும்.

இது நம் ஊர்ச் சங்கடம் மட்டுமல்ல. அமெரிக்காவில் பெஞ்சமின் காசில்மன், லிண்ட்சே பேஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே விரிவாக ஆராய்ந்தார்கள். பள்ளி முடித்து, கல்லூரியில் இடமும் வாங்கிய பிள்ளைகளில் ஒரு பகுதியினர் கோடை விடுமுறை முடிந்ததும் கல்லூரிப் பக்கமே வருவதில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளிடமும், அங்கே 'கம்யூனிட்டி காலேஜ்' எனப்படும் ஈராண்டுக் கல்லூரிக்குப் போக நினைத்தவர்களிடமும் இது அதிகம். எந்தப் படிவத்தை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று கைப்பேசிக்குச் சின்னச் சின்னக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். பல இடங்களில் வருகை கூடியது. இங்கேயும் சமுதாயக் கல்லூரிகள் உண்டு. புதுவைப் பல்கலைக்கழகம் 1995இலும், சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் 1996இலும் தொடங்கிவைத்தன. ஆனால் நம் மாவட்டத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவை அரசு கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஆகிய மூன்றும்தான். அவற்றை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் கைப்பேசி எண். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அதிகப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். கலைக் கல்லூரி விண்ணப்பத்தை இணையத்தில்தான் போட வேண்டும். பையனுக்குச் சொந்த சிம் இருக்காது. அப்பா கடலுக்கோ வேலைக்கோ போயிருப்பார். அவசரத்துக்கு பிரவுசிங் சென்டர்காரர் தன் எண்ணையே போட்டு, ஒரு மின்னஞ்சலையும் அவரே உருவாக்கி, கடவுச்சொல்லையும் அவரே வைத்துக்கொள்வார். ஒரு நாளைக்கு நூறு பேருக்குப் போடுகிற மனிதர், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜூனில் கவுன்சலிங் தகவல் அந்த எண்ணுக்குப் போகும். அவர் பார்ப்பதற்குள் தேதி முடிந்திருக்கும். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் யாராவது ஒருவர் பெயரில், அடுத்த மூன்றாண்டுக்கு மாற்றாமல் வைத்திருக்கக்கூடிய எண் ஒன்றை முடிவு செய்யுங்கள். மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் நகலின் பின்பக்கம் எழுதிவையுங்கள். தகவல் வராவிட்டாலும், தரவரிசைப் பட்டியல் வெளியாகும் வாரத்தில் கல்லூரி அறிவிப்புப் பலகையை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். முதல் சுற்றில் இடம் வராதவர்கள் அடுத்த சுற்றுக்கும் போக வேண்டும். சேர்ந்தவர்கள் பொறியியலுக்கும் வேறு கல்லூரிக்கும் மாறிப் போவதால் ஜூலையிலும் இடங்கள் காலியாகும்.

பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்டதா? ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டியதில்லை. துணைத் தேர்வு அடுத்த சில வாரங்களிலேயே வரும். எழுதித் தேறினால் அதே ஆண்டே சேர வழி உண்டு.

அடுத்தது காகிதங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒன்றுக்கு 60 ரூபாய். அங்கிருந்து வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று நகரும். மே, ஜூனில் மாவட்டமே இந்த வரிசையில் நிற்கும் என்பதால், பிளஸ் டூ படிக்கும்போதே பிப்ரவரியில் வாங்கிவிடுவது நல்லது. வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும், அந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். இருளர் குடும்பங்கள் இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும். பழங்குடியினர் சான்றை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். விசாரணை, நேரில் அழைப்பு என்று மாதங்கள் ஓடும். திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் இதைப் பதினோராம் வகுப்பிலேயே கையில் எடுத்தால் பிள்ளைக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி அதுதான்.

டி.சி.யின் அசலைக் கல்லூரியில் கொடுத்துவிட வேண்டியிருக்கும். அதற்கு முன் பத்து நகலாவது எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியை விட்டு வரும்போது தமிழ்வழியில் படித்ததற்கான சான்றையும் கையோடு கேட்டு வாங்குங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத இட ஒதுக்கீடு தரும் சட்டம் 2010இல் வந்தது. பட்டம் மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று 2020இல் அது திருத்தப்பட்டது. பட்டப் படிப்புத் தகுதி கேட்கும் வேலைக்கு இந்த ஒதுக்கீடு வேண்டுமென்றால் பட்டமும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். ஆகவே சேர்க்கை மேசையில் "தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?" என்று கேட்கும்போது பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். அரசுத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் வரலாறு, பொருளியல் போன்ற பாடங்களுக்குத் தமிழ்வழியே சரி என்பேன். தனியார் வேலையை நினைத்து வணிகவியலோ கணினி அறிவியலோ எடுப்பவருக்கு ஆங்கிலவழியின் சிரமம் பிற்பாடு பலன் தரும்.

பணத்துக்கு வருவோம். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விண்ணப்பம், சான்றிதழ், கவுன்சலிங், முதல் கட்டணம் ஆகியவற்றில் பெரும்பகுதி இந்த 61 நாளுக்குள்ளேயே வந்து விழுகிறது. விசைப்படகில் கூலிக்குப் போகிற வீட்டில் அப்போது கையில் காசு இருக்காது. 8,000 ரூபாய் நிவாரணம் அரிசிக்கும் பழைய கடனுக்கும் போய்விடும். அரசு கலைக் கல்லூரியில் முதலாண்டுக் கட்டணம் சில ஆயிரத்தைத் தாண்டாது. ஆனால் அந்தச் சில ஆயிரத்தைக் குறிப்பிட்ட நாளுக்குள் கட்டியாக வேண்டும். பொங்கல் சமயத்திலேயே இதற்கென்று தனியாக எடுத்துவைப்பது, மகளிர் குழுவில் சொல்லிவைப்பது என்று ஏதாவது ஒரு ஏற்பாடு செய்யுங்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டிய பீஸ்தான் பையனை ஆகஸ்டில் வேலைக்கு அனுப்புகிறது.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இலும் தொடங்கின. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது உண்டு. பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எல்லாவற்றுக்கும் பொருந்தும். கல்லூரி வழியாகத்தான் பதிவு செய்ய வேண்டும், பள்ளியில் பிள்ளைக்குத் தந்த எமிஸ் எண் தேவைப்படும். சிக்கல் வருவது வங்கிக் கணக்கில். பள்ளிக் காலத்தில் திறந்த கணக்கு நீண்ட நாள் எந்த வரவு செலவும் இல்லாமல் கிடந்தால் செயலற்றுப் போயிருக்கக்கூடும். இரண்டு கணக்கு இருந்தால், கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அதற்கே பணம் போகும். வீட்டில் இருக்கிற பாஸ்புக்கைப் பதிந்து பார்த்துவிட்டு "எனக்கு மட்டும் வரலை" என்று அழுகிற பிள்ளையின் பணம் பல சமயம் இன்னொரு வங்கியில் கிடக்கும். மே மாதத்தில் ஒரு நாள் வங்கிக்குப் போய், கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதார் எதோடு இணைந்திருக்கிறது என்ற இரண்டு கேள்வியையும் கேட்டுவிடுங்கள். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் அன்றே பாருங்கள்.

எங்கே சேர்வது என்பதில் என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி 1970 முதல் இந்த வட்டாரத்துக்கு வழிகாட்டி வருகிறது. அங்கே இடம் கிடைத்தால் தயங்காமல் சேரலாம். ஆனால் விருப்பமே இல்லாத ஒரு பட்டப்படிப்பில் 'ஏதோ ஒரு டிகிரி' என்று உட்காருவதை விட, பிளஸ் டூவில் அறிவியல் பாடமோ தொழிற்பிரிவோ படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாமாண்டு சேரலாம் என்பதை யோசியுங்கள். இரண்டே ஆண்டில் டிப்ளமோ கையில் வரும். பிறகு பி.இ. இரண்டாமாண்டிலும் நேரடியாகச் சேரலாம். இரண்டு படியாக ஏறும் இந்த வழியைப் பல வீடுகளுக்கு யாரும் சொல்வதேயில்லை.

மாமல்லபுரத்தில் கல்பட்டறை வைத்திருக்கும் வீடுகளுக்கும், ஓவியத்தில் கை ஓடுகிற பிள்ளைகளுக்கும் இன்னொரு கதவு இருக்கிறது. அங்கேயுள்ள அரசு கட்டட, சிற்பக் கலைக் கல்லூரி 1957இல் பயிற்சி மையமாகத் தொடங்கியது. கோயில் கட்டடக் கலை, கல், சுதை, உலோகம், மரம் என்று சிற்பப் பிரிவுகள், மரபு ஓவியம் எல்லாம் அங்கே பட்டப்படிப்பு. "உளி பிடிக்க காலேஜா?" என்று பட்டறையில் கேட்பார்கள். உளி பிடிக்கப் பட்டறையே போதும்தான். அளவு நூல், வரைபடம், பட்டம் என்று எழுத்தில் கேட்கிற இடங்களுக்குப் பட்டறை அனுபவம் மட்டும் போதாது. இதற்கான விண்ணப்பம் கலைக் கல்லூரிகளின் பொதுவான இணைய விண்ணப்பத்தில் வராது. கல்லூரிக்கே போய் விசாரியுங்கள்.

சேர்ந்தாகிவிட்டது. இனி பேருந்து. மாமல்லபுரத்திலிருந்தோ சதுரங்கப்பட்டினத்திலிருந்தோ திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். உட்கிராமத்துப் பிள்ளைக்கு அதற்கு முன்னால் இன்னொரு பேருந்தோ ஷேர் ஆட்டோவோ உண்டு. கல்லூரி தொடங்கும் முன் ஒரு வேலை நாளில், வகுப்பு நேரத்தைக் கணக்கிட்டு, அதே பேருந்தில் அப்பாவோ அக்காவோ கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். எந்தப் பேருந்தைத் தவற விட்டால் முதல் மணி நேரம் போகும், மாலையில் கடைசி நேரடிப் பேருந்து எது என்பது அன்றே தெரிந்துவிடும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டும்தான். அரசுக் கல்லூரி மாணவருக்கு இலவச பாஸ் உண்டு என்றாலும் அது கைக்கு வரும் வரையிலான செலவுக்கும் பணம் வேண்டும். போக்குவரத்து ஒத்துவராது என்று தோன்றினால் அரசு விடுதிக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிக்கு வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற விதி மாணவியருக்கு இல்லை.

இனி அந்தக் கம்பெனி வேன். மறைமலை நகர், ஒரகடம், மகேந்திரா சிட்டி பக்கத்து வேன்கள் விடியற்காலையில் ஊருக்குள்ளேயே வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. பிளஸ் டூ முடித்தவனுக்குக் கையில் சம்பளம், கேன்டீனில் சாப்பாடு. மே மாதம் "ரெண்டு மாசம் சும்மா போறேன்" என்று ஏறியவன் ஜூலையில் இறங்குவதில்லை, ஏனென்றால் அதற்குள் ஒரு செல்போன் தவணையோ வண்டித் தவணையோ அவன் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பணத்தில்தான் சில வீடுகளில் கல்லூரிக் கட்டணமே கட்டப்படுகிறது. ஒரே நிபந்தனை வையுங்கள்: கல்லூரி திறக்கும் வரை எந்தத் தவணைப் பொருளும் வாங்கக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த வேலை எத்தனை நாள் என்பதை ஒப்பந்தக்காரர்தான் சொல்வார். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையே 2022இல் உற்பத்தியை நிறுத்தியதை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. கல்லூரி நேரம் போக உழைத்தே ஆக வேண்டியவர்கள், இரண்டு ஷிஃப்டாக நடக்கும் கல்லூரியில் எந்த ஷிஃப்ட் தங்களுக்குத் தோது என்று சேரும்போதே கேளுங்கள்.

முதல் செமஸ்டரில் பிள்ளைகளை விரட்டுவது ஆங்கிலம். வகுப்பில் பாதி புரியாமல் உட்கார்ந்திருப்பவர், மற்ற எல்லாருக்கும் புரிகிறது என்று நினைத்துக்கொள்கிறார். அரசுக் கல்லூரி ஆசிரியர்களிடம் தமிழில் சந்தேகம் கேட்கலாம், கேட்டால் சொல்வார்கள். பள்ளி மாதிரி அவர்களாக வந்து நோட்டைத் திருத்த மாட்டார்கள், அவ்வளவுதான். நூலகத்தில் பழைய வினாத்தாள்களைப் பார்த்து எழுதிக்கொள்வது பாதிப் படிப்புக்குச் சமம். இன்டர்னல் தேர்வையும் அசைன்மெண்ட்டையும் விளையாட்டாக விடாதீர்கள். ஒவ்வொரு தாளிலும் 25 மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. ஒன்றிரண்டு அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரிலேயே கட்டி எழுதலாம், அதற்காகக் கல்லூரியை விட்டவர்களைப் பார்த்தால்தான் ஆற்றாமையாக இருக்கிறது. அதே ஊரிலிருந்து இரண்டாமாண்டு படிக்கிற ஓர் அண்ணனையோ அக்காவையோ தேடிப் பிடித்து ஒரே பேருந்தில் போகச் செய்யுங்கள். எந்த அலுவலர் எந்த அறையில் எத்தனை மணிக்கு இருப்பார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஏற்கெனவே ஒரு மாதமாகப் போகாமல் இருப்பவருக்கும் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் 75 சதவீத வருகை வேண்டும். கொஞ்சம் குறைந்தால் உரிய காரணம் காட்டி, கட்டணம் செலுத்தித் தேர்வு எழுதலாம். அதையும் விடக் குறைந்தால் அந்தத் தேர்வு தள்ளிப் போகும், பாதிக்கும் கீழே போனால்தான் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டிவரும். உடம்பு சரியில்லாமல் நின்றிருந்தால் மருத்துவச் சான்றோடு, வீட்டுச் சூழல் என்றால் பெற்றோர் ஒருவரோடு, தேர்வுக் கட்டணக் கடைசித் தேதிக்கு முன் துறைத் தலைவரைப் போய்ப் பாருங்கள். காலை முதல் மணி தொடங்கும் முன் போனால் அவரிடம் நிதானமாகப் பேசலாம்.