கணக்கப்பிள்ளை பூட்டிவிட்டுப் போன ஃபைல்கள்

கடையில் இடம் போதாமல் கம்ப்யூட்டரை வீட்டில் வைத்திருக்கும் வியாபாரிகள் நம்மில் பலர் உண்டு. பகலில் பிள்ளைகள் பாடம் படிப்பார்கள். இரவு கணக்கப்பிள்ளை வந்து பில்களைப் பதிவார். அவர் வேலையை விட்டு நின்ற பிறகுதான் தொல்லை. அவருடைய ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. அழிக்கப் போனாலும் அதே பதில்தான்.

மளிகைக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதற்காக என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, டிஸ்க் நிறைந்துவிட்டது. அந்தத் தம்பியின் ஃபைல்களையெல்லாம் அழித்துக் கொடுங்கள்" என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கொள்முதல் பில் எல்லாம் எங்கே என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. ஜி.எஸ்.டி. சட்டம் 36ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்கையும் பில்களையும், அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை காப்பாற்றி வைத்திருக்க வேண்டும். அதிகாரி கேட்கும்போது, பழைய ஆள் பூட்டிவிட்டுப் போனான் என்று சொல்லித் தப்ப முடியாது.

பூட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குடோன் கதவில் தொங்கும் பூட்டு. இன்னாருடைய ஃபோல்டர் என்று விண்டோஸ் எழுதி வைத்துக்கொண்டு மற்றவரை உள்ளே விடாது. அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் உள்ள கணக்கில் நீங்கள் நுழைந்தால் இதைத் திறந்துவிடலாம். ஃபோல்டரைத் தட்டியதும் வரும் அறிவிப்பில் 'கன்டினியூ' கொடுத்தாலே பெரும்பாலும் போதும். அதற்கும் மசியாவிட்டால் ஃபோல்டர்மீது வலது பட்டனை அழுத்தி, புராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய், 'ஓனர்' என்ற இடத்தில் 'சேஞ்ச்' கொடுத்து உங்கள் பெயரை எழுதுங்கள். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் ஓனரை மாற்றும்படி கீழே ஒரு கட்டம் வரும்; அதையும் டிக் செய்யவேண்டும். ஓனர் மாறிய பின், அதே செக்யூரிட்டி பக்கத்தில் உங்கள் பெயருக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டுத் திரும்பவும் கதவு திறக்கவில்லை என்பார்கள். இவ்வளவும் அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும்தான். சி டிரைவ் முழுவதற்கும் செய்துவிடாதீர்கள், விண்டோஸே படுத்துவிடும்.

இரண்டாவது வகை, கணக்கையே மறைமொழியில் எழுதி வைத்தது போன்றது. விண்டோஸின் என்கிரிப்ஷன் வசதியில் பூட்டிய ஃபைலின்மேல் சிறு பூட்டுப்படம் தெரியும். ஓனர் பெயரை மாற்றினால் அதை அழிக்கலாம், படிக்க முடியாது. சாவி அந்தப் பழைய பயனாளர் கணக்கோடு இருக்கிறது. கணக்கை நீக்கினால் சாவியும் போயிற்று. பாஸ்வேர்டை நீங்களாக மாற்றினாலும் ஃபைல் திறக்காமல் போகக்கூடும். டேலியில் வால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே கதைதான். மறந்துவிட்டால் மீட்க வழியில்லை. இவற்றுக்கு ஒரே வழி, போட்டவரையே கேட்பது.

நண்பரின் ஃபோல்டர் கன்டினியூவுக்கே திறந்துவிட்டது. உள்ளே இரண்டு வருட பில்கள் ஸ்கேன் செய்யப்பட்டு ஒழுங்காக இருந்தன. டேலி கணக்குக்கு மட்டும் வால்ட் இருந்தது. நண்பர் கொஞ்சம் கூச்சத்தோடு போன் செய்தார். அந்தத் தம்பி உடனே சொல்லிவிட்டார். சம்பள பாக்கி வைக்காமல் அனுப்பியிருந்தது நல்லதாகப் போயிற்று.

பில்களையும் கணக்கையும் இரண்டு பென் டிரைவில் எடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே அழித்தோம். தம்பியின் கல்யாண போட்டோக்களைத் தனியாக எடுத்து அவரிடமே கொடுத்தனுப்பினார். கடைசியாகத்தான் பயனாளர் கணக்கை நீக்கினோம். கன்ட்ரோல் பேனல் வழியாக நீக்கும்போது 'கீப் ஃபைல்ஸ்', 'டெலிட் ஃபைல்ஸ்' என்று கேட்கும். செட்டிங்ஸ் வழியாகப் போனால் வைத்துக்கொள்ளும் வழியே கிடையாது. கணக்கும் ஃபைலும் சேர்ந்தே போகும்.