கோனாவுக்குத் தகுதி பெறுவோர் கவனிக்க வேண்டியவை

அயர்ன்மேன் என்பது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய நெடுந்தொலைவு டிரையத்லான் ஆகும். 1978-இல் ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேருடன் தொடங்கிய இப்போட்டி 1981-இல் அதே மாநிலத்தின் பெரிய தீவுக்கு மாறியபின், அங்குள்ள கோனா என்ற ஊர்ப்பெயரே உலகச் சாம்பியன்ஷிப்பைக் குறிக்கும் அளவுக்கு நிலைத்துவிட்டது. அங்கே களமிறங்க விரும்பும் தொழில்முறை சாராத வீரர், பிற இடங்களில் நடைபெறும் தகுதிப் போட்டியொன்றில் போட்டியிட்டு அதற்கான இடத்தைப் பெற வேண்டும். இட ஒதுக்கீட்டு விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பதிவுக்கு முன் அவ்வாண்டின் விதிகளைப் படித்துவிடுவது இன்றியமையாதது.

தகுதியை நாடுவோர் பலர் அதை இழப்பது சைக்கிளில்தான், ஆனால் இழப்பு வெளிப்படுவது ஓட்டத்தில். நீச்சல் முடிந்து சைக்கிளில் ஏறியதும் கால்கள் இலேசாக இருப்பதாலும், முந்திச் செல்வோரைக் கண்டு மனம் பதறுவதாலும் முதல் 40 கிலோமீட்டரில் வேகம் கட்டுமீறுகிறது. ஒருவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச மிதியாற்றலை எஃப்டிபி என்பர்; பவர் மீட்டர் என்னும் கருவி வாட் அளவில் காட்டும் ஆற்றலை அதன் 65 முதல் 75 விழுக்காட்டுக்குள் நிறுத்தி, மேடுகளிலும் அதை அதிகம் மீறாதவரே இறங்கியபின் ஓடுகிறார். கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடத்தில் ஓட வேண்டியவர் கடைசி 10 கிலோமீட்டரைப் பத்து நிமிட நடையில் கடக்க நேர்ந்தால் 45 நிமிடம் போய்விடுகிறது. சைக்கிளில் துரத்திச் சேர்த்த ஐந்து நிமிடம் அதற்கு எவ்வகையிலும் ஈடாகாது.

உணவும் இதே அளவு கவனத்துக்குரியது. மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து தேவைப்படும் நிலையில், குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் குடலில் வெவ்வேறு வழிகளில் உறிஞ்சப்படுவதால் இரண்டும் கலந்த ஜெல்லும் பானமும் பயன்படுகின்றன. கடும் உழைப்பில் இரத்தம் தசைகளை நோக்கித் திரும்புவதால் பழக்கப்படாத வயிறு அவற்றை ஏற்காமல் குமட்டும். ஆகவே ஜெல் பாக்கெட்டுகளைச் சைக்கிளின் மேற்குழாயில் ஒட்டிவைத்து, கடிகாரம் ஒலிக்கும் ஒவ்வொரு இருபதாவது நிமிடமும் பசிக்காகக் காத்திராமல் உண்ணும் வழக்கத்தை நீண்ட பயிற்சி நாள்களிலேயே ஏற்படுத்த வேண்டும்.

தகுதிப் போட்டிக்கான களத் தேர்வில் ஒரு செய்தி: எடை மிகுந்த, ஆற்றல்மிக்க சைக்கிளோட்டிக்குச் சமதளப் பாதையும், மெலிந்தவருக்கு மலைப்பாதையும் பொருந்தும். குளிர்நீரில் மிதப்புத்தரும் வெட்சூட் என்னும் நீச்சலுடையை நம்பி நீந்துவோர், வெதுவெதுப்பான கோனா கடலில் அதற்கு அனுமதியில்லை என்பதை முன்கூட்டியே எண்ணிப் பயில்வது நலம்.

தகுதி பெற்றவர் இடத்தை மறுத்தால் அது அடுத்தவருக்கு இறங்கிச் செல்வதை ரோல்டவுன் என்பர். பரிசளிப்புக் கூடத்தில் பெயர் வாசிக்கப்படும்போது நேரில் இருந்து, அங்கேயே கட்டணம் செலுத்துவோருக்கே இடம் கிடைப்பது நீண்டகால நடைமுறை. வரிசையில் சற்றுப் பின்தங்கியவரும் ஊர் திரும்பும் விமானத்தை அவசரமாகப் பதிவுசெய்யாமல் அக்கூடத்தில் அமர்ந்திருப்பது பயன்தரும்; ஹவாய்ப் பயணச் செலவையும் விடுப்பையும் பற்றிக் குடும்பத்தாரிடம் பேசி முடிக்க பெயர் வாசிக்கப்பட்டபின் கிடைக்கும் சில நொடிகள் போதா என்பதால், அப்பேச்சு தகுதிப் போட்டிக்குப் புறப்படும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.