பாதி நாவலோடு நிற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஆவடி டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளரும் அக்கா தங்கை கதையைப் பாதி எழுதிவிட்டாய். அப்பா ஓய்வு பெறுவார், வீட்டைக் காலி செய்வார்கள். இந்த முடிவு முதல் அத்தியாயத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறதே, மீதியை யார் படிப்பார்கள் என்று கேட்டிருக்கிறாய்.

இதற்குப் பதில் உனக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டி ஏறினால் திருவாலங்காடு வரும். அந்த ஊர்ச் செப்பேடுகள் ராஜேந்திர சோழன் காலத்தவை. குடிமக்கள் விரும்பியும், பின்னாளில் ராஜராஜனான அருள்மொழி முடிசூடாமல் சிற்றப்பன் உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. ஆக, 1950இல் கல்கி ‘பொன்னியின் செல்வன்’ தொடரை ஆரம்பித்தபோதே, சரித்திரம் படித்தவர்களுக்கு அரியணை யாருக்கு என்பது தெரியும். அப்படியிருந்தும் தமிழ்நாடு மூன்றரை ஆண்டு வாரந்தோறும் காத்திருந்து படித்தது. எப்படி? உத்தம சோழன் முடிசூடுவான் என்பதைக் கல்கி மாற்றவில்லை. உத்தம சோழனாகப்போகும் மதுராந்தகன் யார் என்பதை மறைத்துவைத்தார். நாம் மதுராந்தகன் என்று நம்பியவன் ஒருவன், உண்மையான மதுராந்தகன் வேறொருவன். உன் கதையிலும் வீடு காலியாகட்டும். சாவியைக் கொடுக்கும் நாளில் அந்த இரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் யாராக இருப்பார்கள் என்பது மட்டும் வாசகனுக்குத் தெரியக்கூடாது.

இனி, மீதிப் பாதிக்கான காட்சிகள். ஐந்தாம் பாகமான ‘தியாகச் சிகர’த்தில் 91 அத்தியாயங்கள். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலை பாதிக்கு முன்பே நடந்துவிடுகிறது. உச்சம் முடிந்த பிறகு இத்தனை அத்தியாயங்கள் எதற்கு? பழி யார் தலையில் விழும் என்பதற்காக. வந்தியத்தேவன் சிறைப்படுகிறான், பெரிய பழுவேட்டரையர் தன் நெஞ்சோடு மல்லுக்கு நிற்கிறார். எனக்கு அந்தப் பகுதிதான் நாவலிலேயே ஆகச் சிறந்தது. எனவே சம்பவங்களைத் தேடி அலையாதே. முன்பாதியில் வாசகனிடம் நீ வாங்கிய கடன்களை ஒரு தாளில் எழுது. தங்கை ஒளித்துவைத்த கல்லூரிக் கடிதம் ஒரு கடன். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் அக்கா சொன்ன பொய் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரில், அது தெரியவரும்போது மிக அதிகமாக இழக்கப்போகிறவர் பெயரை எழுது. அவர் இருக்கும் இடத்தில்தான் காட்சி.

எல்லாக் கடனுக்கும் காட்சி வேண்டியதில்லை. முடிவு சட்டென்று வந்துவிட்டதென்று குறைபட்டுக்கொண்ட வாசகர்களுக்குக் கல்கி முடிவுரை எழுதி, யார் யார் பின்னால் என்ன ஆனார்கள் என்று அதில் சொன்னார். கதைக்குள் அவற்றைத் திணிக்கவில்லை. அவர் செய்தது சரியென்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. மீதிக் கதைக்கான குறிப்புகளைப் பிறருக்குப் புரியும்படி எழுது. 1954 டிசம்பர் 5இல் கல்கி காலமானபோது அவருடைய ‘அமரதாரா’ நாவல் பாதியில் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்திதான் அதை முடித்தார். “இங்கே சண்டை வரும்” என்று மட்டும் நீ எழுதிவைத்தால், ஆறு மாதம் கழித்து உனக்கே விளங்காது. யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள், எந்தச் சொல்லில் அது உடைகிறது என்பதை இரண்டு வரியில் எழுதிவை.

காட்சிகளின் வரிசையை இப்போது யோசிக்காதே. அந்தக் கல்லூரிக் கடிதம் அம்மாவிடம் அகப்படுகிறதா, அப்பாவிடமா என்பதை முதலில் தீர்மானித்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்