பழைய லேண்ட்ரோவரும் இரண்டு உலோகங்களும்

கேமரன் மலைக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். தேயிலைத் தோட்டச் சாலைகளிலும் காய்கறித் தோட்டங்களின் சேற்றுப் பாதைகளிலும் பழைய லேண்ட்ரோவர்கள் இன்றும் ஓடுகின்றன. இவற்றைப் புதுப்பிக்கும்போது, பழுதான வெளிக்கூட்டைக் கழற்றிவிட்டு வேறு நல்ல கூட்டை லாரியில் ஏற்றி வந்து பொருத்துவார்கள். பட்டறையில் இதைப் ‘பாடி’ என்பார்கள். போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? தவறாகப் பொருத்தினால், புதிய சாயத்துக்கு அடியிலேயே உலோகம் அரிக்கத் தொடங்கிவிடும்.

காரணத்தை அறிய வண்டியின் பிறப்பைப் பார்ப்போம். லேண்ட்ரோவர் 1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. எனவே, வெளித்தகடுகளில் பெரும்பாலானவற்றை அலுமினியக் கலவையில் செய்தார்கள். பாரம் தாங்கும் அடிச்சட்டமான சேஸி எஃகால் ஆனது. ஆக, ஒரே வண்டியில் இரண்டு உலோகங்கள்.

ஏற்றி வரும்போது

ஒரே கன அளவுள்ள அலுமினியத்தின் எடை, எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதனால் பின்பகுதித் தொட்டியைச் சிலர் சேர்ந்தே தூக்கிவிடலாம். ஆனால் அதன் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதே தடிமன் உள்ள தகட்டை அதே விசையால் அழுத்தினால், அலுமினியம் மூன்று மடங்கு வளையும். ஆகவே, தொட்டியை இரண்டு முனைகளில் மட்டும் தாங்கவிடாமல், அடிப்பகுதி முழுவதும் பலகை அல்லது பழைய டயர்களை வைத்துத் தாங்கவேண்டும்.

தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலையில் எத்தனை வளைவுகள்! லாரி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால், முடுக்கம் வினாடி வர்க்கத்துக்குச் சுமார் 3.5 மீட்டர். கூடு லாரியோடு சேர்ந்து திரும்ப, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான பக்கவாட்டு விசை தேவை. அந்த விசையைக் கொடுப்பது கட்டிய வார்ப்பட்டைதான். அது தளர்ந்தால், நிலைமத்தால் கூடு நேராகவே போக முயலும். லாரியின் ஓரத்தில் மோதி நசுங்கும்.

பொருத்தும்போது

முதலில் எல்லா போல்ட்டுகளையும் கையால் மட்டும் முடுக்குங்கள். கதவுகளை மாட்டி, இடைவெளி சீராக இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து மூலைவிட்டங்களும் சமமானால், அது கோணாத செவ்வகம். அதன்பிறகே இறுக்கவேண்டும்.

இப்போது முக்கியமான இடம். அலுமினியமும் எஃகும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு, நடுவே மழைநீரும் சேறும் தேங்கினால் அது ஒரு சிறு மின்கலம். நீரில் கரைந்த உப்புகளும் உரமும் மின்பகுளி. இரும்பைவிட அலுமினியம் எளிதில் எலெக்ட்ரானை இழக்கும். தனியாக இருக்கும்போது அதன் ஆக்சைடு படலம் அதைக் காக்கிறது. எஃகோடு ஈரத்தில் சேர்ந்திருக்கும்போது அந்தக் காவல் போதாமல் போகிறது. போல்ட்டைச் சுற்றி வெள்ளைத் தூள் படிந்து, சாயம் கொப்பளித்தால் அதுதான் அடையாளம்.

தீர்வு எளியது. மின்சுற்றை எங்காவது துண்டிக்கவேண்டும். இரண்டு உலோகங்களுக்கும் இடையே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் திண்டு வையுங்கள். உலோகங்கள் தொடும் இடத்தில் சாயம் பூசுங்கள். நீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள். துத்தநாகம் பூசிய போல்ட்டும் உதவும். துத்தநாகம் தன்னை அரித்துக்கொண்டு எஃகைக் காக்கும்.

வண்டி பழையது என்பதால் மட்டும் ஆபத்தில்லை. பிடிப்பு அரித்துப் போனது வெளியே தெரியாமல், ஆட்களை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்குவதே ஆபத்து.

செய்து பாருங்கள்

இரண்டு இரும்பு ஆணிகளை எடுங்கள். ஒன்றின் பாதியில் அலுமினியத் தாளை இறுகச் சுற்றுங்கள். இரண்டையும் தனித்தனிக் குவளைகளில் உப்புநீரில் ஒரு வாரம் வையுங்கள். எந்த ஆணி அதிகம் துருப்பிடித்தது? தாளில் என்ன மாற்றம்? குறிப்பேட்டில் எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.