முத்துக் குளிக்காமல் ஒரு முத்துக் கம்மல்

தூத்துக்குடிக் கரையில் நகை செய்ய நினைப்பவரின் கை முதலில் மணலுக்குத்தான் போகும். அங்கே கிடக்கும் பவளப்பாறைத் துண்டை மட்டும் எடுக்காதீர்கள். 2001 முதல் கடினப் பவளங்கள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டி அள்ளிய காலம் இங்கே இருந்தது. அதுவும் ஒரு காரணமாகி விலாங்குசல்லித் தீவே கடலுக்குள் போய்விட்டது. முத்துக்கும் வழியில்லை. 1961-க்குப் பிறகு இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் முத்து, சங்கு, பவளம் மூன்றின் உருவத்தையும் பாலிமர் களிமண்ணில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

கடையில் பார்த்து வாங்குங்கள். தானாகக் காயும் களிமண் வேறு. பாலிமர் களிமண் மென்மையாக்கி கலந்த பிவிசி, சூட்டில்தான் இறுகும். நம் ஊர் வெயிலில், ஜன்னலோரமோ வண்டிப் பெட்டியிலோ வைத்தால் பயன்படுத்தும் முன்பே கெட்டியாகிவிடும். மெழுகுத் தாளில் சுற்றி நிழலில் வையுங்கள்.

வெள்ளைக் களிமண்ணுடன் கொஞ்சம் ஒளி ஊடுருவும் களிமண் சேர்த்து, வெடிப்பில்லாமல் மடியும்வரை பிசையுங்கள். ஒரே தடிமனில் நீளமாக உருட்டி, அளவுகோல் வைத்துச் சம துண்டுகளாக வெட்டினால் மணிகள் ஒரே அளவில் வரும். உள்ளங்கையில் உருட்டி, பல் குத்தும் குச்சியைத் திருகியபடியே நுழைத்துத் துளையிடுங்கள். எல்லாமே அச்சு உருண்டையாக வேண்டாம். சிப்பிக்குள் விளையும் முத்தில் கோணல்மாணலானவைதான் அதிகம். சிலவற்றை லேசாக அமுக்கி விட்டால்தான் முத்துக் களை வரும். பிறகு, முகக்கவசம் அணிந்துகொண்டு, முத்து நிற மைக்கா பவுடரை விரல் நுனியால் தடவுங்கள். பச்சைக் களிமண்ணில் அது தானாக ஒட்டிக்கொள்ளும்.

சங்குக்கு ஒரு முனை கூராக உருட்டி, கூர்முனையிலிருந்து சுற்றி வாருங்கள். கூர்முனையை மேலே வைத்துப் பார்த்தால் சாதாரணச் சங்கின் வாய் வலப்பக்கம் இருக்கும், வலம்புரிக்கு இடப்பக்கம். சங்கு குளிப்பவர்கள் வாழும் ஊரில் இதைத் தவறாகச் செய்தால் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். பவளத்துக்குச் சிவப்புக் களிமண்ணைக் குச்சி குச்சியாக உருட்டி வெட்டினால் போதும்.

வேகவைப்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கட்டம். மைக்ரோவேவ் கூடாது; ஓடிஜி அடுப்பு வேண்டும். அதன் குமிழில் உள்ள எண்ணை நம்பாமல், உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள். உறையில் போட்டிருக்கும் சூட்டையே பின்பற்றுங்கள். ஃபிமோ பிராண்டுக்கு 110 டிகிரி செல்சியஸ், ஸ்கல்ப்பி பிரீமோ பிராண்டுக்கு சுமார் 135. அரை மணி நேரம் வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் மணி கையில் பொடியும். சூடு மிக அதிகமானால் கருகி நச்சுப்புகை வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். டைல்ஸ் துண்டின் மேல் சோளமாவு பரப்பி அதில் மணிகளை வைத்தால் அடி தட்டையாகாது. இதற்கு எடுத்த தட்டையும் கத்தியையும் மறுபடி சமையலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஆறியதும் சங்கையும் பவளத்தையும் 400, 600, 1000 எண் உப்புத்தாளால் வரிசையாகத் தண்ணீரில் வைத்துத் தேயுங்கள். முத்தைத் தேய்க்கக் கூடாது, பவுடர் போய்விடும்; தண்ணீர் அடிப்படையிலான வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். நகப்பூச்சு பூசினால் நாளடைவில் பிசுபிசுக்கும். கொக்கியும் வளையமும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். உப்புக்காற்றில் மலிவான கம்பி சீக்கிரமே துருவேறும்.

தேய்த்த தண்ணீரை அப்படியே சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் மிதப்பது பிளாஸ்டிக் தூள். போய்ச் சேரும் இடம் மன்னார் வளைகுடா. ஒரு ராத்திரி தெளியவிட்டு, பழைய துணியில் வடிகட்டி, வண்டலைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.